உலகத்தின் கடைசிப் பிள்ளை

நான் பத்தாவது வரை படித்தவன். எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வேலை முடிந்து வள்ளூரிலிருந்து டோல்கேட்டுக்குத் திரும்பும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஒரு அம்மாவும் அவருடைய எட்டு வயது மகளும் இருந்தார்கள். மகள் பட்டுப்பாவாடை கட்டி, எண்ணெய் தடவிப் பின்னலிட்டு, பூ வைத்திருந்தாள்.

"யம்மா, நீ செத்துட்டியாம்" என்றாள் அவள்.

"இன்னாடி பேச்சு இது?"

"கதையில தாம்மா. உலகமே அழிஞ்சு போச்சாம். நா மட்டும் சாம்பல் மேட்டுல தனியா நடந்துகினு வரணுமாம். ஷூட்டிங் அண்ணன் சொன்னாரு."

"நா ரோட்டாண்டயே நின்னுட்டேன். அப்றம் ஏன் ஒன்ன திருப்பி அனுப்சாங்கோ?"

"தலை வாரிகினு வந்துட்டேனாம். அம்மா இல்லாத புள்ளைக்கு யாரு வாரிவுடுவாங்கன்னு கேட்டாரு. அன்னிக்குத் தெருவுல அவரு பாத்த மாரியே கிழிஞ்ச கவுனோட வரணுமாம்."

"அன்னிக்கு நா ஜுரத்துல படுத்துகினு இருந்தேன்டி. அதான் வாரல."

"தெரியும்மா."

"எங்கம்மா உயிரோடதான் கீதுன்னு நீ சொல்லலியா?"

"சொன்னா வேற புள்ளைய வெச்சுப்பாங்க. நாளைக்குக் காலையில மட்டும் வாராம வுடும்மா. சாயந்திரம் வாரிக்கலாம்."

"என் புள்ளைய நானே அனாதை மாரி இட்டுகினு போணுமா?"

மகள் அழ ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போகும் பேருந்தில் இருவரும் டோல்கேட்டில் ஏறினார்கள். மகள் கிழிந்த கவுனில், பரட்டைத் தலையோடு இருந்தாள். நடத்துனர் டிக்கெட்டைக் கொடுத்துக்கொண்டே, "இன்னாமா, புள்ளைக்குத் தலைகூட வாரலியா?" என்று கேட்டார். அம்மா டிக்கெட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.