கொக்கியில் ஒரு வில்லை

காலை ஐந்தேகால். ஜனவரி மாதம்... ஜியூ பள்ளத்தாக்கில் அந்த நேரத்தைக் காலை என்று கடிகாரம்தான் சொல்லும். குடியிருப்பிலிருந்து நிலக்கரிச் சுரங்க வாசலுக்கு ஒன்றரை கிலோமீட்டர் சாலை. கம்பங்கள் உண்டு, விளக்கு எரியாது. ஒரு காலத்தில் அந்த நேரத்தில் நானூறு ஜோடி பூட்ஸ் சேர்ந்து நடக்கும். இப்போது ஒரே ஒரு ஜோடி. வெதூரியாவுடையது.

என் நண்பன் நெலுவின் அத்தை அவள். நெலுவுக்குப் பொய் சொல்ல வராது, சீட்டாட்டத்திலேயே முகம் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் நம்பிச் சொல்கிறேன். இத்தாலி எல்லை இன்னும் தூரம், இந்தப் பேருந்தில் ஹீட்டரும் போய்விட்டது, எப்படியும் தூங்கப் போவதில்லை... நெருங்கி உட்காருங்கள். தோரின், சிரிப்பதென்றால் டிரைவர் பக்கத்தில் போய்ச் சிரி.

வெதூரியா இருபத்திரண்டு வருடம் விளக்கறையில் இருந்தவள். உங்களில் சின்னவர்களுக்குத் தெரிந்திருக்காது. கூண்டு லிஃப்டில் கீழே இறங்குகிறவன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை ஜன்னலில் கொடுத்துவிட்டு விளக்கை வாங்குவான். வில்லையைக் கொக்கியில் மாட்டுவார்கள். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையை வாங்கிக்கொள்வான். ஷிப்ட் முடிந்தும் ஒரு வில்லை தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான். கூட்டாளிகள் வீட்டுக்குப் போக மாட்டார்கள், திரும்ப இறங்கித் தேடுவார்கள். கொக்கி காலியானால்தான் தேடுவதை நிறுத்துவார்கள்.

சுரங்கத்தை மூடப் போகிறோம், தானாக விலகுகிறவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை உண்டு என்று ஆபீசில் சொன்னார்கள். அவள் கணவன் கோஸ்தெல் மாட்டேன் என்றான். பேனாவை அவன் கையில் திணித்தவள் வெதூரியாதான்.

"போடுய்யா கையெழுத்த. அந்தக் கொக்கியவே பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு."

போட்டான். ஊரே போட்டது. வந்த காசில் ஊரே பழைய கார் வாங்கி டாக்ஸி ஓட்டியது. ஏறுவதற்குத்தான் ஆளில்லை. இரண்டு வருடத்தில் காரை விற்றுவிட்டு, கோஸ்தெல் இத்தாலிக்குக் கட்டட வேலைக்குப் போனான்.

"கீழ கூரைக்கு நானே முட்டுக் குடுப்பேன், வெதூரி. இங்க நாலாவது மாடில எதப் புடிச்சு நிக்கிறதுன்னே தெரியல" என்று போனில் சிரித்தான். அக்டோபரில் சவப்பெட்டியில் வந்தான்.

அழுது தீர்த்துவிடலாம் என்றால் அந்தப் பேனா ஞாபகத்துக்கு வந்துவிடும் அவளுக்கு. சுரங்கத்தின் வாயில் கான்கிரீட் ஊற்றி அடைத்தார்கள். மிச்சமிருந்த இரும்பை யாரும் அறுத்துக்கொண்டு போகாமலிருக்க அவளையே காவலுக்கு வைத்தார்கள்.

சரி, அந்த ஜனவரிக்கு வருகிறேன். வாசலைத் தாண்டியதும் அவள் நின்றுவிட்டாள். விளக்கறையில் வெளிச்சம்...

திருடன் என்று நினைத்து ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். யாருமில்லை. ஆனால், என்றைக்கோ பழைய இரும்புக்குப் போன அடுக்குகள் சுவரோடு நின்றன. அடுக்கு அடுக்காக விளக்குகள். பேட்டரி அமிலத்தின் புளித்த நெடி. ஒரு விளக்கைத் தொட்டாள். சூடு.

வெளியே இரும்புக் கம்பித் தளத்தில் பூட்ஸ் சத்தம். ஒன்று... பத்து... எண்ண முடியவில்லை. யாரோ இருமினார்கள். ஜன்னலின் தகரத்தில் ஒரு வில்லை விழுந்தது. டிங்.

அவள் கை வில்லையை எடுத்து மாட்டியது, விளக்கைக் கொடுத்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், யோசிக்கவில்லை. டிங். அடுத்தவன். டிங். மூன்றாவது ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

இலியே. கார் ஷெட்டில் தூக்குப் போட்டுக்கொண்டவன். அவனுக்குப் பின்னால் கீத்சா, குடித்தே ஈரலைக் கரைத்தவன். அதற்கும் பின்னால் லாசர், ஸ்பெயினில் லாரியடியில் போனவன். வெடிப்பில் செத்தவர்கள், கூரை விழுந்து செத்தவர்கள், ஒருவர்கூட வரிசையில் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் சுரங்கம் மூடிய பிறகு மேலே செத்தவர்கள்.

கடைசியாகக் கோஸ்தெல். முகம் மழித்து, தலை வாரி... கல்யாணத்தன்றுகூட அவன் அப்படி இருந்ததில்லை என்றாளாம் நெலுவிடம்.

"சீக்கிரம் குடுடி, கூண்டு கெளம்பப் போகுது."

விளக்கை எடுத்தாள். கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். விளக்கில்லாமல் எவனும் இறங்க மாட்டான், அப்படியாவது இவன் நிற்கட்டும் என்று.

"போகாதய்யா. வீட்டுக்கு வா. சூப் வச்சிருக்கேன்."

"எனக்கு வேல இருக்கு வெதூரி!"

அதட்டவில்லை. சந்தோஷத்தில் சொன்னான். வேலை கிடைத்தவன் வீட்டு வாசலிலிருந்தே கத்துவானே, அப்படி.

உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். வில்லையைத் தகரத்தில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு ஓடினான். பழக்கத்தில் அவள் கை அதையும் கொக்கியில் மாட்டியது. கூண்டின் மணி நான்கு முறை அடித்தது. கம்பிவடம் முனகியது. கான்கிரீட் ஊற்றி மூடிய குழிக்குள் கூண்டு இறங்கும் சத்தத்தை அவள் கடைசிவரை கேட்டாள்.

மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மேலே வந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன, வில்லைகள் போயின. ஒன்று மட்டும் கொக்கியில் மிஞ்சியது. இலியே அதைப் பார்த்தான். அவள் மடியிலிருந்த விளக்கையும் பார்த்தான். வரிசை அப்படியே திரும்பித் தேடுவதற்கு இறங்கியது.

அதன் பிறகு அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

ஈஸ்டருக்கு அழைத்துவர நெலு போனான். அடுக்குகள் இல்லை, கூரையில் பாதி இல்லை. உடைந்த ஜன்னலருகே அத்தை, மடியில் துருப்பிடித்த விளக்கு. பின்னால் வெறும் சுவர், அதில் ஒரு கொக்கி, அதில் ஒரு வில்லை. கான்கிரீட்டுக்குள் போகும் பழைய தண்ணீர்க் குழாயில் சத்தம் வந்தது... டொக். டொக். டொக். நெலுவும் கேட்டான். நின்று நின்று, இடம் மாறி மாறி. கீழே தேடுகிறவர்கள் தட்டிக் கூப்பிட்டுப் பார்ப்பது போல.

"வீட்டுக்கு வா அத்த. ஆட்டுக்கறி சமைச்சிருக்கு."

"ஷிப்ட் இன்னும் மேல வரலடா."

நெலு சுரங்கத்தில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அவன் பெரியவனானபோது இறங்குவதற்குச் சுரங்கமே இல்லை. அத்தையை இங்கே கட்டிப் போட்டிருப்பது இந்தப் பித்தளைத் துண்டுதான், இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று நினைத்தான். பாசத்தில்தான் செய்தான், பாவம். கையை நீட்டி வில்லையைக் கழற்றினான்.

குழாயில் சத்தம் நின்றது.

அவள் மெல்லத் திரும்பிக் கொக்கியைப் பார்த்தாள். நெலு பதறிப்போய் வில்லையைத் திரும்ப மாட்டினான். அவசரத்தில் இரண்டு முறை கீழே விழுந்தது. மாட்டிவிட்டு இருவரும் குழாயில் காதை வைத்துக் காத்திருந்தார்கள். மூன்று மணி ஆனது. நான்கு ஆனது. இருட்டியது. ஒரு சத்தமும் இல்லை.

அத்தை விளக்கைத் தரையில் வைத்தாள்.

"எல்லாரும் போயிட்டாங்கடா. ஆள் மேல வந்துட்டான்னு நெனச்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. இனிமே அவர யாருடா தேடுவா?"