அந்த ஒரு சொல்ல வெட்டிருங்க

இல்லீங்கய்யா, கைநாட்டு வைக்க மாட்டேன்னு நான் எங்க சொன்னேன். வைக்கிறேன். அந்த ஒரு சொல்ல மட்டும் வெட்டிருங்கன்னுதான் கேக்குறேன். இந்தக் கடதாசியில கவனக்குறைவுன்னு வாசிச்சீங்களே, அது. மத்ததெல்லாம் சரிதான். பேரு சரி, மூக்கன்தான். புருசன் பேர நான் வாயால சொல்லக்கூடாது, இன்னிக்கி சொல்லிட்டேன், போகட்டும். அஞ்சாம் நம்பர் மலையில காத்தளக்குற கம்பத்துலேருந்து விழுந்து செத்தாருன்னு போட்டிருக்கீங்க. விழுகல, கம்பத்தோட சேந்து சாஞ்சாரு. சரி, எப்பிடியோ, செத்தது செத்ததுதானே. அதுக்கு நான் சண்ட போடல.

உள்ள வந்து ஒக்காருங்கய்யா, இஸ்தோப்புல சாரல் அடிக்குது. இந்த மழ இப்பக்கி விடாது. காம்பரா இவ்வளவுதான், காலு எடம் பாத்து வைங்க. தேத்தண்ணி சாயந்தான், பாலு இல்ல, சக்கரத் துண்டு கடிச்சிக்குங்க. புள்ள ஏணையில தூங்குது, எந்திரிக்காது. நீங்க பயப்படாம பேசலாம்.

மொதல்ல தேத்தண்ணிய குடிங்க, நான் பேசறேன்.

அந்தக் கம்பம் வந்து ரெண்டு வருசமாச்சிங்க. ஆத்துக்குக் குறுக்க அண கட்டப் போறோம், அதுக்கு மழயும் காத்தும் அளக்கணும்னு ஒங்க ஆபீசுலேருந்து வந்து சொன்னாங்க. மொத நாளு அத பாத்துட்டு எங்க லயத்துல எல்லாரும் சிரிச்சோம். காத்த எதுக்குங்க அளக்கணும், எங்களக் கேட்டா நாங்க சொல்ல மாட்டோமா. நாப்பதடி இரும்புக் குழா, உச்சியில மூணு கிண்ணம் சுத்துது. மூணு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருக்கு. தோட்டத்துத் தொர ரெண்டு ஆளு குடுத்தாரு, இவரும் சிவசாமியும். அதுவரைக்கும் இவரு தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி புடிச்ச ஆளு. கொழும்புலேருந்து இரும்பு வேல தெரிஞ்ச ஒரு பிட்டரு வந்து ஒரு மாசம் இருந்து எல்லாம் சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு. அந்த ஒரு மாசத்துல இவரு வேற மனுசனாயிட்டாருங்க.

எப்பிடின்னா, செவ்வாக்கிழம, வெள்ளிக்கிழம கம்பம் பாக்குற நாளு. காலயில எந்திரிச்சதும் இந்த வாசல்ல நின்னு மேல தேயிலைக்கு நெழலா நிக்கிற சவுக்கு, தொரமாரு சில்வர் ஓக்குன்னு சொல்ற மரம், அதத்தான் பாப்பாரு. சவுக்கு எல காத்துல திரும்பி அடிப்பக்கம் வெள்ளையா தெரிஞ்சிச்சின்னா ஏற மாட்டாரு. அன்னிக்கி கீழ நின்னு துருப் பாத்து எண்ணெ போடுறதோட சரி. எங்கயோ நல்லதண்ணி ஊருப் பக்கம் இடி உறுமுனாப் போதும், பாதியில இருந்தாலும் எறங்கிருவாரு. சிவசாமி கேலி பண்ணுவான், அண்ணே அது சிவனொளிபாத மலையில இடிக்குது, நம்ம மலைக்கி வர நாளைக்கி ஆகும்னு. இவரு எறங்கி தள்ளி வந்து தேயிலச் செடிக்குள்ள குந்திக்குவாராம்.

கம்பத்தோட சேத்து மாட்டிக்கிற பெல்ட்ட வெளிச்சத்துக்குப் புடிச்சி ஒவ்வொரு தையலா பாப்பாரு. நட்டு முடுக்குற சாவி, சுத்தி, எல்லாத்துலயும் கயிறு கட்டி இடுப்போட முடிஞ்சிக்குவாரு, கை தவறி விழுந்தா கீழ இருக்கவன் மண்ட போயிரும்னு. சிவசாமிய கம்பத்துக்கு நேரா கீழ நிக்க விட்டதேயில்ல. ஏறுறதுக்கு முன்னால மூணு கம்பியையும் சுத்தி வந்து, கையால உலுக்கிப் பாத்து, குனிஞ்சி கம்பிய இறுக்கத் திருகுற இரும்ப பாத்துட்டுத்தான் மொதக் கால வைப்பாரு. வீட்டுலயும் அந்தப் புத்திதாங்க. இந்த ஏணைக் கயித்த மூணு தரம் இழுத்துப் பாக்காம புள்ளயப் போட விட மாட்டாரு. நான் வைவேன். ஒங்களுக்குப் பொஞ்சாதி எதுக்கு, அந்தக் கம்பத்தையே கட்டிக்கிட்டுப் படுங்கன்னு. சிரிப்பாரு. அப்பிடிப்பட்ட ஆளுக்குத்தான் நீங்க கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க.

தெரியும்யா. பின்னு இல்ல, அதானே. கெழக்குப் பக்கத்துக் கம்பியில அந்தத் திருகுற இரும்பு கழண்டுறாம இருக்க ஒரு பின்னு குத்தியிருக்கணும், அது இல்ல, அதனால காத்துல ஆடி ஆடி தன்னாலயே திருகிக் கழண்டு கம்பி விட்டுருச்சி. ஆள் மேல இருக்கும்போது விட்டுருச்சி. பின்னு போட வேண்டியது அவரு வேல. அவரு போடல. அப்பிடித்தானே எழுதியிருக்கு. நாலு நாளு ஆளு வச்சி தேயிலச் செடியெல்லாம் வெலக்கித் தேடுனீங்களே, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கெடைக்கல. கெடைக்கலன்னா போடவே இல்லன்னு முடிவு பண்ணிட்டீங்க. வேற எப்பிடித்தான் நெனைப்பீங்க, ஒங்களையும் சொல்லிக் குத்தமில்ல.

ஆனா பின்னு போடாம விடுற ஆளில்லீங்க அவரு.

அந்தத் திங்கக்கிழமயப் பத்தி ஏன் ஒண்ணும் எழுதல? அன்னிக்கி கம்பம் பாக்குற நாளே இல்ல. காலயில பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போயி மத்தவங்களோட நின்னுக்கிட்டிருந்தாரு. நீங்கதான் ஜீப்புல வந்து எறங்குனீங்க. மேல கிண்ணம் சுத்தல, பத்து மணிக்குக் கொழும்புலேருந்து பெரிய ஐயா பாக்க வாராரு, ஓடிப் போயி சரி பண்ணுன்னீங்க. அவரு கையக் காட்டி சவுக்க பாருங்கய்யான்னு சொன்னாராம். ஆடி மாசக் காத்து, எல்லா எலயும் வெள்ளையா திரும்பி நின்னிச்சி, நானே கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த மலையிலேருந்து பாத்தேன். நீங்க என்னா சொன்னீங்கன்னு சிவசாமி சொன்னான். மரத்தப் பாத்து வேல செய்யவா ஒனக்குச் சம்பளம்னு கேட்டீங்களாம். சும்மா சொன்னேன், அவசரத்துல சொன்னேன்னு இப்ப சொல்றீங்க. சரி. அவசரந்தான். அவரு சுத்தி வந்து கம்பி பாக்கப் போனப்ப, அதெல்லாம் எறங்கி வந்து பாரு, மொதல்ல ஏறுன்னீங்களாம். அதுவும் அவசரந்தான்.

நான் குத்தம் சொல்லலய்யா. அந்தக் கண்ணீரெல்லாம் எனக்கு முடிஞ்சிருச்சி. ஒங்க மேல ஒரு பெரிய ஐயா, அவருக்கு மேல ஒருத்தரு. எனக்கு அது வெளங்குது.

சாயும்போது சத்தமே போடலயாம். கம்பம் மெதுவாத்தான் சாஞ்சிச்சாம், குதிச்சிருக்கலாம்னு சிவசாமி இன்னமும் சொல்லி அழுவுறான். எப்பிடிக் குதிக்கிறது. பெல்ட்ட மாட்டியிருந்தாரே. மேல போனா பெல்ட்ட கழட்டக்கூடாதுன்னு பிட்டரு சொல்லிக் குடுத்தத அப்பிடியே புடிச்சவரு. கம்பம் போன எடத்துக்கெல்லாம் அதுவும் அவர இழுத்துக்கிட்டுப் போயிருச்சி. எடுத்தப்ப கொக்கி பூட்டுனபடியே இருந்திச்சி, தையல்ல ஒண்ணு கூட விடல. இதையும் எழுதுங்கய்யா. பெல்ட்டு போட்டிருந்தாருன்னு எழுதுங்க. பெல்ட்டு போட்ட ஆளு எப்பிடி கவனமில்லாதவரு?

எழுதினா என்னா ஆகும்னு கேக்குறீங்க. ஒண்ணும் ஆகாது. செத்தவரு வரப் போறாரா. ஆனா இப்ப லயத்துல என்னா பேசுறாங்க தெரியுமா. தண்ணிக் கொழாயடியில நான் போனா பேச்ச நிப்பாட்டுறாங்க. ரெண்டு வருசமா மரத்த பாத்து மானத்த பாத்து கடசியில ஒரு ஆணிய பாக்க மறந்துட்டான்னு சிரிக்கிறாங்க. கோயில் திருவிழாவுல தேரு கயிறு பாக்க இவரத்தான் கூப்புடுவாங்க, அப்பிடி இருந்த பேரு. இந்தப் புள்ள வளந்து அப்பன் எப்பிடிச் செத்தாருன்னு கேட்டா, கடதாசியில இருக்கறதத்தானே ஊரு சொல்லும். நான் சொல்லணும்ல அதுக்கு, இல்லம்மா, ஒங்க அப்பன் அப்பிடி இல்லன்னு. என் வார்த்தைக்கி யாரு காது குடுப்பா.

புள்ள பேரா? பூரணி. பொறந்து ஏழு மாசம். பொறந்ததுலேருந்தே நெஞ்சுல சளி. தோட்டத்து டிஸ்பென்சரியில அதே தண்ணி மருந்தத்தான் திருப்பித் திருப்பிக் குடுப்பாங்க. மருந்துக்காரரு சொன்னாரு, மருந்துல ஒண்ணுமில்ல, பனி உள்ள வராம பாத்துக்கன்னு. எப்பிடிங்க பாத்துக்கறது? இந்தக் கதவுல தாப்பா இல்ல. நாங்க குடி வந்தப்பவே இல்ல. கல்ல முட்டுக் குடுத்து வச்சாலும் காத்து தள்ளிப்புடும், பனி பொகையாட்டம் உள்ள வந்து நிக்கும். புள்ள இழுத்து இழுத்து மூச்சு விடும், பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்போம். ஆசாரிக்கிட்ட மூணு தரம் போனேன். தோட்டத்த மேப்பாக்குற கண்டாக்கையாக்கிட்ட போயி நின்னேன். எழுதி வச்சிருக்குன்னாரு. இவருக்கிட்ட சொன்னேன், ஒங்க பொட்டியில எவ்வளவு ஆணி, கம்பி கெடக்கு, ஒண்ணு கொண்டாந்து குத்துங்கன்னு. அது கம்பத்துச் சாமான், ஒரு ஆணி கூட எடுக்க மாட்டேன்னாரு. நோர்வூட்டுக் கடையில சம்பளத்தன்னிக்கி வாங்கிக்கலாம்னாரு. சம்பளத்துக்கு இன்னும் ஒம்பது நாளு இருந்திச்சி.

ஞாயித்துக்கிழம நான் அஞ்சாம் நம்பர் மலைக்கி வெறகு பொறுக்கப் போனேன்.

கம்பத்துக்கிட்ட யாருமில்ல. கெழக்குப் பக்கத்துக் கம்பி ஓரத்துல சவுக்கு மாரு, சுள்ளி நெறைய விழுந்து கெடந்திச்சி. குனிஞ்சி பொறுக்குறப்பதான் அந்தத் திருகுற இரும்புல குத்தியிருந்த அது கண்ணுல பட்டுச்சி. கொண்ட ஊசி மாதிரி, ஆனா தடிப்பா, முனை ரெண்டும் வளைச்சி விட்டிருந்திச்சி. அது இந்தக் கதவுக்கு அளவெடுத்த மாதிரி இருந்திச்சிங்க. கல்லால தட்டி நிமித்தி உருவிட்டேன். அவ்வளவு பெரிய இரும்புக்கு இந்தக் குச்சி என்னா செய்யப் போவுதுன்னுதான் நெனச்சேன். சரி, இல்லாட்டியும் இவரு செவ்வாக்கிழம சுத்தி வந்து பாப்பாரு, இல்லன்னா வேற போடுவாரு, பொட்டியிலதான் கெடக்கே. ஏறுறதுக்கு முன்னால பாக்காம ஏற மாட்டாரேன்னு. அவரு கவனத்த நம்பித்தான்யா நான் எடுத்தேன்.

சத்தம் போடாம இருக்க துணி சுத்தி கதவுல தாப்பாவா மாட்டுனேன். சாயந்தரம் வந்தவரு கதவ சாத்தினாரு, சாத்துனபடி நின்னிச்சி. யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு புருசன் ஒரு ஆணி குடுத்தாருன்னேன். அப்பாடான்னு சொல்லிட்டுப் படுத்தாரு. ஏணைக் கயித்த இழுத்துப் பாக்குற மனுசன், அந்தத் துணிய பிரிச்சிப் பாக்கல. நான் சொன்னத நம்பிட்டாரு. அவருக்கிட்ட கவனக்குறைவுன்னா அது ஒண்ணுதான். அன்னிக்கி ராத்திரி காத்து என்னா காத்து. புள்ள மொத மொதலா இழுக்காம தூங்குச்சி. நாங்களும் நல்லா தூங்கிட்டோம்.

அந்தா இருக்கு பாருங்க, கதவுல. துணிய பிரிச்சிப் பாருங்க, ஒங்க சாமானு ஒங்களுக்குத் தெரியாதா. எழுதுங்கய்யா. மூக்கன் பொஞ்சாதி காளியாயி பின்ன களவெடுத்தா, அவரு ஒரு தப்பும் பண்ணலன்னு எழுதுங்க. எனக்கு வேலய விட்டு நிப்பாட்டுற பத்துச் சீட்டு குடுத்து தோட்டத்த விட்டு வெரட்டட்டும், போலீசுல புடிச்சிக் குடுக்கட்டும். அன்னிக்கி நீங்க அவசரப்படுத்துனது எழுத வேணாம், நானும் யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன். என்னோடத மட்டும் எழுதுனாப் போதும். எழுதி வாசிச்சிக் காட்டுங்க, பத்து வெரலயும் வைக்கிறேன்.

ஏன்யா பேனாவ மூடுறீங்க?