கூடையோடு விழுந்தவர்

சாமல்பட்டி ரயில்வே கேட் மூடியிருந்ததால் எங்கள் பஸ் நின்றது. ஜன்னலுக்குக் கீழே சைக்கிளோடு இரண்டு பேர். பெரியவரின் கேரியரில் வைக்கோல் பரப்பிய முட்டைக் கூடை.

"சைக்கிள்ல இருந்து விழுந்தாரே, அவருக்குத்தான் மாப்ள என் ஓட்டு" என்றார் பெரியவர்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்ன மாமா இது? பஞ்சாயத்து எலக்சனுக்கு நிக்கற ரெண்டு பேருகிட்டயும் முட்டக் கூடையக் குடுத்து, நம்மூரு ரோட்டுல ஓட்டிக் காட்டச் சொன்னோம். பச்சப் பெட்டிக்காரரு ஒரு முட்டகூட ஒடையாம ஓட்டுனாரு. மஞ்சப் பெட்டிக்காரரு மாட்டுவண்டித் தடத்துல சிக்கிக் கூடையோட விழுந்தாரு. விழுந்தவருக்கா ஓட்டு?"

அந்தக் காலத்தில் ஓட்டுப் போட ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி.

"சந்தைக்கு நான் கொண்டுபோறதுல பாதி அந்தத் தடத்துலயே ஒடஞ்சு போவுது. விழாதவரு, ரோட்டுக்கு என்ன கொறச்சல்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. விழுந்தவருதான், சைக்கிளுக்குன்னு ஓரமா கெட்டியா ஒரு பாத போடணும்னாரு. மூஞ்செல்லாம் மஞ்சக்கரு வழிய வழியச் சொன்னாரு."

"சேதி தெரியாதா? நீங்க இப்படிப் பேசறது காதுக்குப் போயி, நேத்து பச்சப் பெட்டிக்காரரும் அதே எடத்துல வந்து விழுந்துட்டாரு. அவரும் பாத போடறேங்கறாரு."

"நானும் பாத்தேன்."

"அப்புறமென்ன? ரெண்டு பேரும் ஒண்ணுதானே?"

கேட் திறந்தது. பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்:

"கூடையப் பத்தரமா எறக்கி வெச்சிட்டுல்ல மாப்ள விழுந்தாரு!"