மாலை ஐந்தரைக்குக் காணாமல் போகும் பாலம்

— அப்போ இன்னிக்கும் பாலம் கட்டியாச்சுங்கற.

— கட்டிட்டேன் பீமராவ் சார். காலைல வந்ததும் காபிகூடக் குடிக்கல. சிந்தாமணிக் கரையில ஒரு கிளிக், மாம்பழச்சாலையில ஒரு கிளிக். காவிரிக்குப் பாலம் போட்டாச்சு. சாயங்காலம் அஞ்சரைக்கு நம்ம ஆம்புலன்ஸ் மேப்புலேருந்து காணாமப் போயிடும். நாளைக்குக் காலைல வந்து மறுபடியும் கட்டணும். அவ்ளோதான் என் பொழப்பு.

— கரிகாலன் ஒரே ஒரு அணை கட்டிட்டு இத்தனை வருஷமா பேர் வாங்கிண்டிருக்கான். நீ தினத்துக்கு ஒரு பாலம் கட்டற. உனக்குச் சிலை வெக்கணும் ஜோசு. வெக்கற எடம்தான் மேப்புல இருக்காது.

— சிரிக்கற நிலைமையில நான் இல்ல சார்.

— நான் எங்கப்பா சிரிச்சேன். நேத்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறினேன். பாலத்துமேல போறச்சே கண்டக்டர்கிட்ட காதோட சொன்னேன், இந்தப் பாலம் எங்க ஆபீஸ்ல இல்லை, மெதுவாப் போகச் சொல்லுன்னு. அவன் போய் டிரைவர்கிட்ட சொன்னான். டிரைவர் ஜன்னலால கீழ எட்டிப் பாத்தார். அதுவரைக்கும் நன்னாப் போயிண்டிருந்த பஸ், அவர் பாத்ததும் ஒரு சாண் கீழ அமுங்கித்து. நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம்.

— சார், இன்னிக்கு அஞ்சரைக்கு நம்ம மேனேஜர் ஷஹனாஸ் மேடம் நேர்ல வந்து என் பக்கத்துல நிக்கப் போறாங்க. பாலம் விழுந்துச்சுன்னா திங்கக்கிழமையே இந்த நாற்காலியில சென்னைக் கம்பெனிக்காரன் உக்காந்திருப்பான். என் சீட்டு கிழிஞ்சிடும்.

— அப்புறம் ஷார்ஜா.

— அப்புறம் ஷார்ஜாதான். மச்சான் ஸ்டோர்கீப்பர் வேலை பிடிச்சு வெச்சிருக்காரு. இன்னிக்குள்ள வரேனா இல்லையான்னு சொல்லணுமாம். பாப்பாவுக்கு இன்னும் கழுத்துகூட நிக்கல. அதோட ஞானஸ்நானத்தை நான் வீடியோவுலதான் பாக்கணும்.

— ஆத்துல ஷெர்லின் என்ன சொல்றா?

— ரெண்டு நாளா என் சட்டையையெல்லாம் தனியா மடிச்சு வெக்கறா.

— ம்.

— என் கதையை விடுங்க. ஸ்ரீரங்கத்துலேருந்து நெஞ்சு வலின்னு ஒரு ஃபோன் வந்தா, இந்த மெஷின் நம்ம ஆம்புலன்சை பைபாஸ் சுத்திப் போகச் சொல்லுது. பாலமே இல்லன்னு நினைச்சுக்கிட்டு. மருதை அண்ணன் மாதிரி பழைய டிரைவருங்க ஸ்கிரீனைப் பாக்கறதே இல்ல. புதுசா வந்தவன் பாக்கறானே சார்.

— அது தெரியும். எங்க தெருவுல ஒருத்தர் நமக்கு ஃபோன் பண்ணிட்டு, வண்டி வரக் காணோமேன்னு நெஞ்சைப் பிடிச்சுண்டு டவுன் பஸ் ஏறி, இங்க புத்தூர் வந்து, ஆஸ்பத்திரியில படுத்துண்டு, அங்கேருந்து மறுபடியும் நமக்கு ஃபோன் பண்ணினார். வண்டி எங்க வந்துண்டிருக்கு, நான் வாசல்ல நிக்கணுமான்னு.

— அந்த ஃபோனை எடுத்தது நான்தான் சார்.

— அப்படியா? அப்படித்தானே கேட்டார்?

— அவர் பேசல. அவர் பொண்ணு பேசிச்சு. எங்க சார் வண்டி, எங்க சார் வண்டின்னு அதையே கேட்டுக்கிட்டு இருந்துச்சு. பிழைச்சுட்டாரு. பிழைச்சதனாலதான் என்னால இன்னும் இங்க உக்காந்திருக்க முடியுது.

— இது எனக்குத் தெரியாதுப்பா.

— நானும் சொல்லல.

— சரி, இன்னொரு தரம் சொல்லு. தப்பு எங்க இருக்கு?

— எங்கயும் இல்ல சார், அதான் பிரச்சனையே. என் மெஷின்ல தனியா ஓட்டிப் பாத்தா பாலம் கம்பீரமா நிக்குது. அஞ்சரைக்கு எல்லாருடைய வேலையையும் சேக்க நான் எழுதின புரோகிராம், அந்த ஸ்கிரிப்ட், ஓடறப்ப விழுந்துடுது. அது பழைய ரோட்டு வலையை மொத்தமா துடைச்சுடும். அப்புறம் நான் போட்ட கோடு, நீங்க ஏத்தற ஆஸ்பத்திரி, தெருப் பேரு, டிரெய்னேஜுக்குத் தோண்டிப் போட்ட ரோடு எல்லாத்தையும் எடுத்து மொதல்லேருந்து பின்னும். பின்னி முடிச்சு பச்சை எழுத்துல 'வெற்றி'ன்னு போடும். எட்டிப் பாத்தா காவிரிமேல வெறும் தண்ணி.

— என் சித்தப்பா கவுன்சிலர் எலெக்‌ஷன்ல நின்னார். அவர் ஓட்டுகூட அவருக்கு விழல, மை தடவறவனோட பேசிண்டே மாத்திக் குத்திட்டார். ஆனா வெற்றின்னு போஸ்டர் முன்னாடியே அடிச்சாச்சு, வீணாப் போவானேன்னு ஒட்டினார். பாதித் தெரு வந்து அவர்கிட்ட குழாய் ரிப்பேருக்கு மனு குடுத்துட்டுப் போச்சு.

— குழாய் சரியாச்சா?

— ஆச்சே. ஜெயிச்சவன் போட்ட குழாயைவிட நன்னா வந்தது.

— எனக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்ல. கோட்டோட நுனி ரோட்டோட ஒட்டலையோன்னு பெருசாக்கிப் பாத்தேன், ஒட்டியிருக்கு. பாலத்துல ரிப்பேர் நடந்தப்ப மூடின ரோடுன்னு குறிச்சது அப்படியே நின்னுடுச்சோன்னு பாத்தேன், எடுத்தாச்சு. யாராவது மேப்பைத் திறந்து வெச்சுட்டுப் போனா ஃபைல் பூட்டிக்கும், மூடிட்டுப் போங்கன்னு ஒவ்வொருத்தர் காலையும் பிடிச்சேன்.

— என் காலையும்தான் பிடிச்சே. நான் மூடிட்டுத்தான் போறேன். என் மெஷின்ல திறந்து வெக்க என்ன இருக்கு? எப்பப் பாத்தாலும் நேத்திக்கு எடுத்த படம்தான் தெரியறது. தேதி கிழிக்காத காலண்டர் மாதிரி.

— உங்க சிஸ்டம் அப்படித்தான் சார். ராத்திரி ஒரு தரம்தான் புதுப் படம் வாங்கும், அதுவும் நீங்க மெஷினைப் போட்ட நாள்ல மட்டும்.

— அதனால என்ன, எனக்கு நேத்தைய நாள்தான் பிடிச்சிருக்கு.

— கொடுமை என்னன்னா, செவ்வாக்கிழமை பாலம் நின்னுச்சு சார். நான் ஒண்ணையும் மாத்தல. முந்தின நாள் பண்ணதையேதான் பண்ணேன். நின்னுச்சு. வீட்டுக்குப் போய், ஷார்ஜா வேண்டாம்னு ஷெர்லின்கிட்ட சொன்னேன். அவ அழுதுட்டா. புதன்கிழமை மறுபடியும் கட்டி விட்டேன், போயிடுச்சு.

— அடடா, நான் பாக்கலியே. அன்னிக்குத்தானே லீவு போட்டுட்டுப் பல்லு பிடுங்கிண்டேன். டாக்டர் இழுக்கறார், பல்லு வரலை, நான் நாற்காலியோட வரேன். கடைசியில கடவாய்ப்பல் வந்தது. அதைப் பாத்துட்டு அவர், சார், இது உங்க வாய்க்குப் பெரிசா இருக்கே, வேற யாரோடதாவதான்னு கேக்கறார்.

— செவ்வாக்கிழமை அந்தோணியார் நாள் சார். வர்ற வழியில ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். அதான் நின்னுச்சுங்கறா ஷெர்லின்.

— இன்னிக்கு ஏத்தினியோ?

— ஏத்தினேன். வெள்ளிக்கிழமை ஆனாலும் பரவால்லன்னு ஏத்தினேன். கம்ப்யூட்டர் படிச்சுட்டு எனக்கு வந்த நிலைமையைப் பாருங்க.

— தெம்பா இரு. நமக்குத் தெரிஞ்சதை நாமளும் பண்ணுவோம். இரு, கண்ணாடியை எங்க வெச்சேன்?

— மூக்குல.

— அங்கதான் வெப்பேன். ஒரு நிமிஷம் பேசாம இரு, கை ஆடறது.

— கிளம்பற நேரத்துல என்ன சார் பண்றீங்க?

— தினம் போறச்சே பண்றதுதான்.

— சாமி கும்பிடறீங்களா?

— அப்படியும் வெச்சுக்கலாம். ஆச்சு. இன்னிக்கு வேலையை அனுப்பிட்டேன், மேப்பையும் மூடிட்டேன், நீயே பாத்துக்கோ. டீ வாங்கிண்டு வரேன். மேடத்துக்குச் சக்கரை இல்லாமதானே?

— ஆமா. எனக்கு வேண்டாம், இறங்காது.

— ஜோஸ், வரலாமா?

— வாங்க மேடம், உக்காருங்க. பீமராவ் சார் டீ வாங்கப் போயிருக்காரு.

— கீழ பாத்தேன். டீக்கடைக்காரர் இவர் சொல்றதைக் கேட்டுக்கிட்டு கிளாஸ் வழிய ஊத்திக்கிட்டு இருக்காரு. ஓட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்த ஸ்கிரிப்ட் ஒரு ரோட்டை வேண்டாம்னு தள்ளணும்னா என்ன காரணம் இருக்கணும்?

— மூணுதான் மேடம். நுனி ஒட்டாம இருக்கணும். இல்லன்னா மூடின ரோடுன்னு குறிச்சிருக்கணும். இல்லன்னா ஒரே எடத்துல ரெண்டு கோடு ஒண்ணுமேல ஒண்ணு படுத்திருக்கணும். அப்படி இருந்தா ரெண்டையுமே தூக்கிடும்.

— ஏன் ரெண்டையும்? ஒண்ணை விடலாமே.

— எது சரியான கோடுன்னு மெஷினுக்குத் தெரியாதே. தென்னூர்ல ஒரு தெரு ரெண்டு தரம் பதிஞ்சு, ஆம்புலன்ஸ் ஒரே எடத்தையே சுத்திக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் நான்தான் அப்படி எழுதினேன்.

— பாலம் இதுல எது?

— எதுவும் இல்ல மேடம். ஒட்டியிருக்கு, திறந்திருக்கு, நான் போட்டது ஒண்ணே ஒண்ணு. இந்தாங்க, நீங்களே எண்ணிப் பாருங்க.

— ஒண்ணுதான்.

— ஒண்ணுதான்.

— பிஸ்மில்லா. ஓட்டுங்க.

— ஓட ஆரம்பிச்சுடுச்சு. கொஞ்ச நேரம் ஆகும்.

— மேடம், டீ. சக்கரை இல்லை. ஜோசு, உனக்கும் வாங்கிட்டேன், இறங்காட்டா கையில வெச்சுக்கோ, சூடாவாவது இருக்கும். ஓடிண்டிருக்கா?

— ஓடுது சார். பழசைத் துடைச்சாச்சு. இந்த நிமிஷம் திருச்சியில ஒரு ரோடும் இல்ல.

— பயப்படாதே. எழுபத்தேழு வெள்ளத்துல இதே கதிதான். எங்க மாமனார் கட்டில்ல தூங்கிண்டிருந்தார், தண்ணி அப்படியே தூக்கிண்டு போயிடுத்து. காலைல முக்கொம்புல கரை ஒதுங்கி, கட்டில்ல உக்காந்துண்டே காபி கேட்டார்.

— முக்கொம்பு மேற்கால இருக்கு ராவ் சார். தண்ணி கிழக்கால இல்ல போகும்?

— அவர் பிடிவாதக்காரர் மேடம்.

— ஜோஸ், பாருங்க, ஏதோ பச்சையா வருது.

— வெற்றின்னு போட்டுடுச்சு. இருங்க, ஸ்ரீரங்கத்துக்குப் போறேன். மாம்பழச்சாலை இருக்கு. இந்தப் பக்கம் சிந்தாமணி இருக்கு.

— நடுவுல?

— இருங்க மேடம், படம் இன்னும் முழுசா வரல.

— வந்துடுச்சு ஜோஸ்.

— ஒரு தரம் மூடிட்டுத் திறக்கறேன். சில நேரம் திரை பழசையே காட்டும்.

— திறங்க.

— இல்ல மேடம்.

— ம்.

— இல்ல.

— ஜோஸ், போர்டுகிட்ட உங்களுக்காக ரெண்டு தரம் பேசியிருக்கேன். மூணாவது தரம் போய் நிக்க எனக்கு முகம் இல்ல. சென்னைக் கம்பெனி பேப்பர் ஒரு வாரமா என் மேசைமேல கிடக்கு. இனிமே கையெழுத்துப் போடாம இருக்க முடியாது.

— போடுங்க மேடம். உங்கமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

— நல்ல சர்ட்டிஃபிகேட் தரேன். எங்க கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்க. டீக்கு ரொம்ப நன்றி ராவ் சார்.

— வாங்கோ மேடம்.

— போயிட்டாங்களா சார்?

— படி இறங்கிட்டா. ஜோசு, இன்னும் ரெண்டு நாள் கேட்டுப் பாக்கலாமே. நான் வேணா கீழ போய் அவாகிட்ட பேசறேன்.

— பேசி? ரெண்டு நாள்ல ரெண்டு பாலம் கட்டுவேன், ரெண்டும் விழும். என் மூளையில எங்கயோ ஓட்டை இருக்கு சார். நான் எழுதினது, எனக்கே புரியல. இனிமே மூட்டையை எண்ணறதுதான் எனக்குச் சரி. இருங்க, மச்சானைக் கூப்பிடறேன். ஹலோ, மச்சான், ஜோஸ். ஆமா. வரேன்னு சொல்லிடுங்க. ஆமா, யோசிச்சுட்டேன். பாஸ்போர்ட் காப்பி இப்பவே அனுப்பறேன். இல்ல, ஷெர்லினுக்கு இன்னும் தெரியாது, வீட்டுக்குப் போய் நானே சொல்லிக்கறேன். இல்ல மச்சான், இனிமே மாத்திப் பேச மாட்டேன். சத்தியமா. வெச்சுடறேன்.

— சத்தியம் வேற பண்ணிட்டியா?

— பண்ணினாத்தான் நான் போவேன் சார். கிளம்புங்க, உங்க பஸ் போயிடும்.

— பஸ் கிடக்கறது. உன்னை இப்படி விட்டுட்டுப் போக மனசு வரலை. என்னால முடிஞ்சதை நானும் பண்ணிப் பாத்துட்டேன், பலிக்கலை.

— நீங்க என்ன சார் பண்ணுவீங்க, பாவம். சாமிகிட்ட வேண்டிக்கிட்டீங்க. அதுவே பெரிசு.

— சாமிகிட்ட எதுக்கு வேண்டணும்? என் படத்துல பார்த்தா தினமும் பாலம் இல்லை. பையன் கவலையில போட மறந்துட்டான் போல இருக்கு, கேட்டா இன்னும் நொந்துப்பானேன்னு, நானே கோடு போடக் கத்துண்டு, தினம் கிளம்பறச்சே உனக்காக ஒரு பாலம் போட்டு அனுப்பிட்டுத்தான் போவேன், ஒரு மயிரிழைகூட விலகாம. இன்னிக்குக் கூட போட்டேனே. பல்லு பிடுங்கப் போன அந்தச் செவ்வாக்கிழமை ஒரு நாள்தான் போடாம விட்டுப்போயிடுத்து, அதை மட்டும் மனசுல வெச்சுக்காதே.