இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே

கப்பல் வராத வாரத்திலும் கலையாமல் கூடுகின்ற நம் தீவுத் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சொக்கலிங்கம் ஐயா அவர்களே! பந்தலுக்குத் தம் படகின் பாயையே கழற்றித் தந்த அண்ணன் மிக்கேல் அவர்களே! ஷாதிபூரிலிருந்தும் டாலிகஞ்சிலிருந்தும் செருப்பைக் கையில் ஏந்திச் சேற்றில் நடந்து வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கொட்டாவியை மறைக்கும் என் மாணவர்களே! மாலை வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, 'வெளி வெறுமையா?' விஞ்ஞான ஆசிரியன் என்பதால் தந்திருக்கிறார்கள். நான்கு நாள் படித்தேன். எழுதினேன். நேற்றுக் காலை கிழித்துப் போட்டேன்.

ஏன் கிழித்தேன்?

பள்ளிக்கூட வாசலில் விசாலாட்சி அம்மா ஒரு பிளாஸ்கோடு நின்றார்கள். அவர்கள் கணவர், நம் சாலைகளுக்குக் கல் பரப்பிய ஜம்புலிங்கம் அண்ணன், வயிற்றில் அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். கஞ்சிதான் ஆகாரம். சூடாக இருந்தால் நாலு மடக்கு இறங்கும். ஆறினால் குமட்டும். விடிந்ததும் கஞ்சியைக் கட்டிலருகே வைத்துவிட்டு அம்மா வேலைக்குப் போகிறார்கள். மாலையில்தான் மறுபடி வர முடியும். நடுவில் கிடக்கும் அந்த நீண்ட பகலைக் காத்தது யார்? அந்தப் பிளாஸ்க்.

"ஸார், இது கராப் ஆயிடுச்சு, கெட்டுப்போச்சு. உடையல, ஒழுகல. பத்து மணிக்கே பச்சத்தண்ணியா கெடக்கு. உள்ள என்ன தீந்துபோச்சுன்னு பாருங்க."

கழற்றிப் பார்த்தேன். கண்ணாடியின் அடியில், நெல்மணி அளவு முனை ஒடிந்திருந்தது.

"ஒண்ணும் தீரலம்மா. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல காத்தைக்கூட எடுத்துட்டு, ஒண்ணுமில்லாம வச்சிருந்தாங்க. இப்ப காத்து பூந்துடுச்சு. அதுதான் சூட்டைக் கொண்டுபோகுது."

"அப்போ அந்த ஒண்ணுமில்லாததைத் திரும்ப வச்சுக் குடுங்க ஸார்."

சிரிக்கிறீர்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

ஒன்றுமில்லாததை எந்தக் கடையில் வாங்குவது? புதுப் பிளாஸ்க் கேட்டு அபர்தீன் பஜாரில் ஏறாத படியில்லை. எல்லாக் கடையிலும் ஒரே பதில்: அடுத்த கப்பலில் வரும். அடுத்த கப்பல் என்றைக்கு? பதினெட்டு நாள்! இன்று காலை பிளாஸ்கை அண்ணனின் பழைய சட்டையில் சுற்றி, மரத்தூள் பெட்டியில் புதைத்துப் பார்த்தோம். பதினொரு மணிவரை தாங்கியது. அதற்குமேல் இல்லை.

என்ன மிக்கேல் அண்ணே? எழுந்தே நின்றுவிட்டீர்கள்?

"காத்தில்லன்னா சூடு கடக்காதுங்கிறீரே வாத்தியாரே, மேல ஒண்ணுமில்லாத வெளியத் தாண்டி வெயிலு மட்டும் எப்படி என் மண்டையில எறங்குது?"

கைதட்டுங்கள்! கல்லூரியில் நான் கேட்காமல் விட்ட கேள்வி இது. அலைக்குக் கடல் வேண்டும். ஓசைக்குக் காற்று வேண்டும். ஒளிக்கு? ஒளிக்கும் ஒன்று வேண்டுமே என்றார்கள் அறிஞர்கள். வெளியெல்லாம் நிறைந்த அதற்கு ஈதர் என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்துவிட்டுத் தேடினார்கள். கருவி செய்து தேடினார்கள். காலமெல்லாம் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஏறிவர ஓடம் இல்லை, ஊன்றிவரக் கோல் இல்லை, ஆனாலும் வருகிறது ஒளி. வெயிலின் சூடும் அப்படித்தான் வருகிறது. கஞ்சியின் சூடும் அப்படித் தப்பிப் போகாமல் உள்ளேயே திரும்பத்தான் பிளாஸ்கின் கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சு.

ஆக, வெளி வெறுமையா? தெரியாது. படித்தவன் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். நமக்கும் மெயின்லேண்டுக்கும் நடுவே எழுநூறு மைலுக்கு மேல் கடல் கிடக்கிறது. அந்த இடைவெளியை இழப்பென்றே எண்ணி அழுதவன் நான். ஆனால் விரற்கடை அகலம்கூட இல்லாத ஓர் இடைவெளி, ஒரு மனிதனின் பகலைக் காத்ததே! காப்பதற்கு நிறைந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

தலைவர் அவர்களே! பேச எழுமுன் என் தொண்டைக்காக உங்கள் பச்சைப் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றித் தந்தீர்கள். நாக்குச் சுட்டது. கிழித்த பேச்சுக்கு முடிவும் கிடைத்தது. பதினெட்டு நாள், ஐயா. அந்தப் பச்சைப் பிளாஸ்குக்குள் இருக்கும் ஒன்றுமில்லாததைக் கொடுங்கள்.

ஐயா சொல்வது பின்வரிசைக்கு எட்டவில்லை. நான் சொல்கிறேன்: "பதினெட்டு நாள் என்ன கணக்கு தம்பி? அந்த மனுஷன் எழுந்து சோறு திங்கிற வரைக்கும் இருக்கட்டும். காப்பியை மட்டும் யாராவது குடிச்சுத் தீத்துடுங்கப்பா, கழுவணும்."

கைதட்டல் ஐயாவுக்கு. காப்பி தாய்மார்களுக்கு.

விசாலாட்சி அம்மா இங்கே இல்லை. இருந்தால் இதைப் பேச விட்டிருக்க மாட்டார்கள். இந்நேரம் கட்டிலருகே, ஆறிய கஞ்சியைக் கரண்டியில் ஏந்திக் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் பொறுமைக்கு நன்றி. பிளாஸ்கோடு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். நாளை மாலை அந்தக் கரண்டியை அவர்கள் ஊதித்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

வணக்கம்.