நார்மனுக்குத் தெரியாத சாவி

“இல்ல தம்பி, நான் கேக்கறேன், ஒண்ணைக் குடுத்துட்டு ஒண்ணு வாங்கறதுக்கு இம்புட்டுப் பாடா? ரெண்டாவதா ஒரு துப்பாக்கியா கேட்டேன்? சர்டிபிகேட்டுல இருக்கறதை அடிச்சிட்டு, அந்த இடத்துல வேற ஒண்ணை எழுதுங்கன்னேன். அவ்ளோதான்! போன் போட்டா ஒரு பொண்ணு ‘காத்திருங்க’ங்குது. காத்திருந்தா பாட்டு போடுது. அந்தப் பாட்டு இப்ப எனக்கு மனப்பாடம். குளிக்கறப்பகூட அதான் வாயில வருது. ஆமா, டீக்குப் பால் போதுமா? சும்மா சொல்லுங்க. முகத்தைப் பாத்தா போதாத மாதிரிதான் இருக்கு.”

லங்காஷயர் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், மழை பிடிவாதமாகப் பெய்துகொண்டிருந்த நவம்பர் முற்பகலொன்றில், திருமதி தெல்மா கிளெக் இவ்வண்ணம் முழங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, பூப்போட்ட சோபாவின் விளிம்பில் அமர்ந்திருந்தவர் காவல்துறையின் துப்பாக்கி உரிம விசாரணை அலுவலர் ஹஸ்லம். அவர் வந்த காரியம் மிகச் சிறியது. மாடிப்படிக்குக் கீழே சுவரில் முடுக்கப்பட்டிருக்கும் துப்பாக்கி பீரோவைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும், வழக்கமான கேள்வி ஒன்றைக் கேட்பதும், விடைபெறுவதுமே அது. கோப்பை மறுபடியும் நிரப்பப்பட்டுவிட்டது. பீரோவோ இன்னும் திறக்கப்படவில்லை.

“கண்ணுதான் தம்பி காரணம். வலது கண்ணுல புரை. அக்டோபர்ல ஆபரேஷன் பண்ணாங்க. பண்ணி என்ன? கிளப்புல குறி பாத்தா நடுப்புள்ளி ரெண்டாத் தெரியுது! ரெண்டுல எதைச் சுடறது, நீங்களே சொல்லுங்க. சரி, இடதுபக்கப் புள்ளிதான் நிஜம்னு ஒரு முடிவுக்கு வந்து, மூச்சைப் புடிச்சு, ஆடாம அசையாம, கிளப்புத் துப்பாக்கியில பத்துக் குண்டும் போட்டேன். எந்திரிச்சுப் பாத்தா என் குறி அட்டை குழந்தைக் கன்னம் மாதிரி இருக்கு, ஒரு ஓட்டை இல்ல. எங்க கிளப் செக்ரட்டரி கெயித் வந்து, ‘தெல்மா, எல்லாம் பக்கத்துல படுத்திருக்கற டோரீன் அட்டையில இருக்கு’ங்கறாரு. டோரீன் பொறந்ததுலேருந்து அவளுக்கு அப்படி ஒரு மார்க் வந்ததில்ல! ஒரு நன்றி? ஊஹூம். தன் அட்டையைக் கெடுத்துட்டேன்னு புகார் பண்றா!

“ஆனா இடது கண்ணு இருக்கே... அது கழுகு. அதனால பக்கம் மாறிப் படுத்துச் சுடலாம்னு பாத்தேன். இந்த வயசுல! கட்டில்ல பக்கம் மாறிப் படுத்தாலே எனக்குத் தூக்கம் வராது. கிளப்புத் துப்பாக்கியை வெச்சுக் குப்புறப் படுத்து, வாரை இந்தக் கையில மாட்டி, பழகிட்டேன் தம்பி. பழகிட்டேன்! போன வாரம் நூத்துக்குத் தொண்ணூத்தேழு. டோரீன் மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும், புளிச்ச பால். ஆனா தோட்டா ஏத்தற போல்ட்டு வலது பக்கம் இருக்கா, ஒவ்வொரு தோட்டாவுக்கும் மூக்குக்கு மேல கையைக் கொண்டுபோய் இழுக்க வேண்டியிருக்கு. இடதுகைக்காரங்களுக்குன்னே செஞ்சது ஒண்ணு ரோச்டேல் கடைக்கு வந்திருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் எடுத்து வைப்பானாம். சர்டிபிகேட் மாறாம வீட்டுக்குக் கொண்டார முடியாது. அது வரலைன்னா, ஜனவரியில கவுண்டி டீம்ல நான் படுத்துச் சுடற பாயில டோரீன் படுப்பா. என் பாயில! அதைப் பாக்கறதுக்கு இந்த இடது கண்ணும் போயிட்டாத் தேவல.”

ஹஸ்லம் கோப்பையை மேசைமீது வைத்தார், தொண்டையைச் செருமினார், கேட்க வேண்டிய அந்த ஒரே கேள்வியைக் கேட்டார். திருமதி கிளெக்கின் முதுகு நாணேற்றிய வில்போல் நிமிர்ந்தது.

“என்ன கேட்டீங்க? சாவி இருக்கற இடம் வேற யாருக்காவது தெரியுமான்னா? யாரைச் சொல்றீங்க, எங்க நார்மனையா? தம்பி, இந்தக் கேள்விக்கு வேற பொம்பளைன்னா உங்களை மழையில எறக்கி விட்டிருப்பா. சர்டிபிகேட் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு மட்டும்தான் சாவி, இல்லன்னா சர்டிபிகேட்டே போயிடும். புருஷனுக்குக் கிடையாது, புள்ளைக்குக் கிடையாது, ராஜாவே வந்து கேட்டாலும் கிடையாது. எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவோம், ஒரே பேங்குக் கணக்கு, ஒரே மூக்குக்கண்ணாடிகூடப் போட்டுக்கறோம், ஆனா சாவி? நாயைக் கூட்டிக்கிட்டு வெளிய போயிருக்காரு, வந்ததும் கேளுங்க. பாவம், அவரு ‘தெல்மா, அந்தப் பீரோ எந்தப் பக்கம் திறக்கும்’னே கேப்பாரு.

“நம்பலை இல்ல? புருவம் சொல்லுது. சரி, இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அத்தாட்சியே இருக்கு. நார்மனுக்குச் சர்க்கரை. டாக்டரம்மா இனிப்பைப் பாக்கக்கூடக் கூடாதுன்னுட்டாங்க. ஆனா கிறிஸ்துமஸ் கேக்கை அக்டோபர்லயே செஞ்சு பிராந்தியில ஊற வைக்கணுமே? எங்க வைக்கறது? துணி துவைக்கற மெஷின்ல வெச்சேன், கண்டுபிடிச்சாரு. தொப்பிப் பெட்டியில வெச்சேன், கண்டுபிடிச்சாரு. போன வருஷம் பியானோவுக்குள்ள வெச்சேன்... எங்க வீட்டுல யாரும் அதை வாசிக்கறதே இல்ல தம்பி! திடீர்னு ஒருநாள் மனுஷன் சங்கீதம் கத்துக்கணும்ங்கறாரு! உங்க டிபார்ட்மெண்டுல மோப்ப நாய் எதுக்கு, எங்க நார்மனைக் கூட்டிப் போங்க.

“அப்பதான் மூளையில பல்பு எரிஞ்சுது. இந்த வீட்டுல சட்டம் போட்டு, போலீஸ் காவலோட, நார்மன் கை வைக்க முடியாத இடம் ஒண்ணே ஒண்ணுதான். ஹா! சிரிக்கறீங்க பாத்தீங்களா? கேக்கு துப்பாக்கி பக்கத்துல பத்திரமா உக்காந்திருக்கு. கண்ணு ஆபரேஷனுக்கு முந்தின நாள் வெச்சது, அதுக்கப்புறம் நானே திறக்கலை. முழுசா இருக்கும். வாங்க, வாங்க, காட்டறேன். சாவி இருக்கற இடம் நார்மனுக்குத் தெரியும்னா அந்தக் கேக்கு ஒரு ராத்திரி தாங்குமா? இதைவிட உங்களுக்கு என்ன வேணும்?

“கொஞ்சம் திரும்பிக்குங்க தம்பி. நீங்க போலீஸா இருக்கலாம், ஆனா சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். சுவத்தைப் பாருங்க. ம்... எங்க வெச்சேன்... ஆங், தையல் பெட்டி. மேல் தட்டு இல்ல, கீழ... நீலநூல் கண்டுக்கு அடியில... இந்தா இருக்கு! திரும்பலாம்.”

சுவரில் மாட்டியிருந்த கலங்கரை விளக்கப் படத்தை நோக்கி நின்ற ஹஸ்லத்தின் உதடுகள் ஒருமுறை துடித்து அடங்கின.

பீரோ கிறீச்சென்ற ஓசையுடன் திறந்தது. துப்பாக்கி, எண்ணெய் பூசிய மேனியுடன், வைத்த இடத்திலேயே ஒழுங்காக நின்றது. அதன் காலடியில், பனிமான் படம் போட்ட பெரிய தகர டப்பா. திருமதி கிளெக் வெற்றிப் புன்னகையுடன் குனிந்து, பாரமான பொருளைத் தூக்குவதற்கான முழு பலத்துடன் அதைத் தூக்கினார். டப்பா அவர் மோவாயில் வந்து இடித்தது.

மூடியைத் திறந்தார். உள்ளே, கேக்கைச் சுற்றியிருந்த காகிதம் நான்காக மடிக்கப்பட்டு, மிக நேர்த்தியாக, சில கருந்துகள்களின்மேல் கிடந்தது.

அப்போதுதான் அந்த வீட்டில் மழையின் ஓசை முதன்முறையாகக் கேட்டது.

“நான்தான்...” என்றார் திருமதி கிளெக். குரல் அவருடையதாகவே இல்லை. “நான்தான் தின்னேன். ஆமா. முழுசும். இப்ப ஞாபகம் வருது. கண்ணுக்கு மருந்து போட்டா எனக்கு ஒரு பசி வரும் தம்பி... அகோரப் பசி. ராத்திரியில எந்திரிச்சு... மயக்கத்துல... அதான் மறந்துட்டேன். திறக்கலைன்னு சொன்னேனா? திறந்தேன். நானேதான் திறந்தேன், நானேதான் தின்னேன், மூடினதும் நானேதான். சாவி என்கிட்டயேதான் இருந்துது. எதுக்கு அப்படிப் பாக்கறீங்க? ஒரு பொம்பளை தன் கேக்கைத் தின்னா குத்தமா? என்ன? என்ன கேட்டீங்க? கேக்கு எப்படி இருந்துச்சுன்னா?”

திருமதி கிளெக் வாயைத் திறந்தார்.

வாசல் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. நனைந்த தொப்பியும் நனைந்த நாயுமாக, நடையில் நின்றுகொண்டிருந்தார் நார்மன் கிளெக். கடைசிக் கேள்வி மட்டுமே அவர் காதில் விழுந்திருந்தது. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லியே பழகிய சாது அவர்.

“இந்த வருஷம் கொஞ்சம் காய்ஞ்சு போச்சுங்க,” என்றார்.

திருமதி கிளெக்கின் முகம் சிவந்தது. வெள்ளிக்கிழமை, ரோச்டேல் கடை, கவுண்டி அணி, டோரீன் படுக்கப்போகும் பாய், எல்லாம் அவர் கண்முன்னே ஒருகணம் வந்து நின்றிருக்க வேண்டும்; ஏனெனில் உதடுகளைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, மெய்யாகவே அவர் போராடினார். ஆனால் சில அவமானங்களைத் தாங்கும் வல்லமை மனிதப் பிறவிக்கு வழங்கப்படவில்லை.

“காய்ஞ்சு போச்சா?” என்று அவர் வெடித்தார். “காய்ஞ்சா போச்சு? அரை பாட்டில் பிராந்தி, நார்மன்! அரை பாட்டில்! என் கேக்கு நாப்பது வருஷத்துல ஒரு தடவை காய்ஞ்சதில்ல! காய்ஞ்சு போச்சுன்னா அப்புறம் எதுக்குய்யா பீரோவைத் திறந்து திறந்து ஒரு துண்டு பாக்கியில்லாமத் தின்னே?”

ஹஸ்லம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மிகுந்த வருத்தத்துடன், அதன் மூடியைக் கழற்றினார்.