பூ வாக்குச் சொன்ன கியூப்

காபி போடத் தெரியாத என்ஜினீயர்கள் பீளமேட்டில் நிறையப் பேர் உண்டு. நானும் ஒருவன், பெயர் வேலுமணி. பம்பு டிசைன் செய்வேன். ஆனால் வண்ணக் கட்டங்களைத் திருகிச் சேர்க்கிற அந்த கியூபில் ஒரு பக்கத்துக்கு மேல் என் கைக்கு வந்ததே இல்லை. என் மனைவி புவனா பருப்பு வேகிற நேரத்தில் ஆறு பக்கமும் சேர்த்துவிடுவாள். அபார்ட்மெண்டில் என்னைப் ‘புவனா வீட்டுக்காரர்’ என்பார்கள். எரியும். சிரித்துவைப்பேன்.

கல்யாணத்தோடு விட்ட வேலைக்கு அவளை மறுபடி கூப்பிட்டார்கள், பெங்களூருக்கு. அவள் அம்மா எதற்கும் கோயிலில் பூ வாக்குக் கேட்பவர்; வெள்ளைப் பூ வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். அதைக் கிண்டலடிக்கிற புவனாவே சொன்னாள்: “ஏனுங்க, இத்தன வருசம் கழிச்சு மூளை ஓடுமான்னு பயமா இருக்குதுங்க. நாளைக்கு இந்த கியூப் சேர்ந்துச்சுன்னா போறேன். இல்லீன்னா உட்டுப்போடறேன்.” தினமும் சேர்கிறதுதானே என்ற தைரியம் அவளுக்கு.

அன்று மாலை அதை நான் ஆத்திரத்தோடு முறுக்க, பொலபொலவென்று உதிர்ந்தது. சோபாவுக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கினேன். மாட்டுகிற விதத்தைச் செல்போனில் பார்த்தேன். ஒரு மூலைத் துண்டைத் திருப்பி மாட்டினாலும் போச்சு, அப்புறம் எந்தக் கொம்பனாலும் சேர்க்க முடியாது என்று எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கைகளைக் கவனமாகப் படிக்கிறவன் நான். ஒரு மூலையைத் திருப்பி மாட்டினேன்.

காலையில் அவளுக்கு எல்லாம் சேர்ந்தது, கடைசி மூலை மட்டும் அடங்கவில்லை. கலைத்தாள், மறுபடி ஆரம்பித்தாள். பொழுது சாயும்வரை அதே கதை. “எல்லாம் மறந்துபோச்சுங்க” என்று அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. “உடு அம்மணி, வயசானா அப்படித்தான்” என்று தலையைத் தடவிக்கொடுத்தேன். வரவில்லை என்று போனில் சொல்லிவிட்டாள்.

பிறகு கியூபைப் பிரித்து, நிறம் பார்த்து அடுக்கி, முழுசாக டிவி பக்கத்தில் வைத்தேன். “நீங்களா சேர்த்தீங்க? உங்க தலையே தலைங்க” என்றாள். மறுத்தால் அவள்தான் குழம்புவாள் என்று பேசாமல் இருந்தேன்.

இப்போது அவள் அதைத் தொடுவதில்லை. கேஸை அணைத்தோமா என்பதைக்கூட என்னிடம்தான் கேட்கிறாள். நானும் சலிக்காமல் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். வேலைக்குப் போகாதே என்று ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. முடிவை முழுக்க அவளிடமே விட்டேன். மனைவிக்கு அந்தச் சுதந்திரம் கொடுக்கிற ஆண்கள் எங்கள் பக்கம் குறைவு.